மேரி அக்காவின் பெயர்

நவம்பர் 12, செவ்வாய்

தான் மிசிசாகாவில் பழம் பொதி செய்யும் இடத்து அநியாயத்தை எனக்குச் சொன்ன மேரி அக்காவின் பெயர் இன்று பத்திரிகையில் நான் எழுதிய செய்தியில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே என் வீட்டுக்குப் போன் எடுத்து, "தம்பி, என்ர பேரைப் போடாதேங்கோ" என்று குரல் பதிந்திருக்கிறா. வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு மணி கேட்கவில்லை. பழைய போனில் அதைக் காட்ட ஒரு விளக்கும் இல்லை. இன்று மதியம்தான் கேட்டேன்.

பின்னேரம் கம்பியில்லாத புதிய கோட்லெஸ் போன் வாங்கப் போனேன்.

"உது பேஸ்மென்ற் வரைக்கும் இழுக்கும், அண்ணை. மெசேஜ் வந்தால் சிவப்பு லைற் மின்னும். இனிக் கேக்கேல்லை எண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது," என்று கடைக்காரர் சிரித்தார்.

பேஸ்மென்றிலிருந்தே மேரி அக்காவுக்கு எடுத்தேன். குரல் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு வேலைக்கு வரவேண்டாமாம்," என்றா.

மன்னிப்புக் கேட்டேன். அவ என்னை ஏசுவா என்று காத்திருந்தேன்.

"சாப்பிட்டீங்களோ, தம்பி?" என்று கேட்டா.