போயிபே கடெயவரு யாரு?

புடவையில் இன்னும் ஆஸ்பத்திரி வாசனை போகவில்லைங்க. நேற்று ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் கன்னடத்தில் கூப்பிட்டாள்: "போயிபே கடெயவரு யாரு?" வேறு யாருடைய வீட்டு ஆட்களையோ கேட்கிறாள் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் அது நம் மகள் ஃபீபி என்று உறைத்தது. Phoebe என்ற ஆங்கில எழுத்தை அப்படியே வாசித்திருக்கிறாள். ஓடினேன்.

"இன்னொரு யூனிட் பிளட் வேணும்மா. பயப்படாதீங்க," என்று தமிழில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பயப்படாமல் எப்படி இருப்பது?

நீங்கள் இருந்திருந்தால் அந்த உச்சரிப்பைக் கேட்டு அந்த நிலையிலும் சிரித்திருப்பீர்கள். வங்கி வேலை முடிந்து சபையின் மாலை வகுப்பில் கிரேக்கம் படித்தவராயிற்றே. அவள் பிறந்த வாரம், ஈஜிபுரா வாடகை வீட்டில் எனக்கு விளக்கினீர்கள். "பழைய கிரேக்கத்துல போய்பே. ப-வோட ஒரு மூச்சும் சேர்ந்து வரும். இப்ப அந்த ஊர்ல ஃபீவிங்கறாங்க. இங்கிலீஷ்ல ஃபீபி, நம்ம வேதத்துல பெபேயாள். எல்லாம் ஒண்ணுதான், ஒளியுள்ளவள்னு அர்த்தம்."

உங்கள் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "கிரேக்கக் கதையில வானத்துக்கும் பூமிக்கும் பொறந்த தேவதையோட பேராமே. பிள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்த நேரத்துல இந்தப் பேரு வேணுமா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே கலக்கம்தான்.

"வேதத்துல சபைக்கு ஊழியம் செஞ்ச அம்மாவுக்கும் இதே பேருதான்க்கா. பயந்து மாத்தினா, பிள்ளையைக் கூப்பிடறப்பெல்லாம் அந்தப் பயந்தான் ஞாபகம் வரும்," என்றீர்கள். அன்று இரவு நீங்கள் எழுந்து எழுந்து போய், அவளுக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து கவனித்ததை நான் மட்டும் பார்த்தேன்.

கொஞ்சம் வளர்ந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று டாக்டர்கள் தள்ளிவைத்த ஆபரேஷன்தான் நேற்று நடந்தது. அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று காலை ஐசியூவுக்குள் விட்டார்கள். ஓட்டையை அடைத்தாயிற்று, இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன். நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை.

பயம் இன்னும் விடவில்லைங்க. அவள் பிறந்த நாளிலிருந்து அதை நாம் இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். இப்போது உங்கள் பங்கும் என்னிடம்தான் இருக்கிறது.