ஆணையிடாதவர்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
12.1.1976

அன்புள்ள அத்தான்,

நானும் செல்வியும் நலம். உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? சிறை வாசலில் கொடுத்த கம்பளிச் சட்டை கைக்கு வந்ததா? உங்கள் பத்திரிகையின் மீதிப் பிரதிகளையும் போலீஸார் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "அப்பா ஜல்தி வந்துருவாருல்ல?" என்று செல்வி நச்சரிக்கிறாள்.

ஆபீஸில் என்னைக் கூப்பிட்டார்கள். அரசாங்கமும் வேண்டாம், பட்டாளமும் வேண்டாம் என்று எழுதுகிறவரோடு எனக்கு இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையும் போகும், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும். போட்டால் உங்களுக்குக் கடிதம்கூட எழுதக்கூடாது. மாதக் கடைசிவரை டைம் கொடுத்திருக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
வேணி

சிறை,
19.1.1976

அன்பு வேணி,

கம்பளி வந்தது. பக்கத்தில் படுக்கிற கிழவர் நடுங்கினார், கொடுத்துவிட்டேன். திட்டாதே. நேற்று இங்கே பையன்கள் வார்டரை அடிக்கப் பாய்ந்தார்கள். குறுக்கே போய் நின்றேன். இரண்டு தரப்பிலும் அடி கிடைத்தது. வார்டர் கைதான் கொஞ்சம் பலம்.

நீ கையெழுத்துப் போட்டால் குறை சொல்லமாட்டேன். போடாவிட்டாலும் புகழமாட்டேன். ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடக்கூடாது என்றுதானே இத்தனை வருஷமாக எழுதுகிறேன்? உன்னிடம் மட்டும் அதை மீறலாமா? முடிவு உன்னுடையது.

அன்புடன்
பூவராகவன்

லக்ஷ்மிபாய் நகர்,
30.1.1976

அன்புள்ள அத்தான்,

கல்யாணமான நாளிலிருந்து காபி கொண்டா என்றுகூட நீங்கள் என்னை ஏவியதில்லை. பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி அதற்காகவே என்மேல் பொறாமைப்படுவாள். எனக்கும் பெருமைதான்.

ஆனால் நான் உத்தரவு கேட்கவில்லையே. நீ இல்லாமல் என்னால் முடியாது, போடாதே வேணி என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். செல்வியைக் கூட்டிக்கொண்டு மதராசி கேம்பில் குடிசை போட்டிருப்பேன். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்திருப்பேன். எவனோ ஒரு வார்டருக்காகக் குறுக்கே பாய்ந்தீர்கள், எனக்காக ஒரு வார்த்தை வரவில்லை. வயிறு எரிகிறது.

மத்தியானம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி எழுதமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்சவேணி

சிறை,
14.3.1976

என் வேணி,

முன்னே போட்ட இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரலாம்.

நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. இதைச் சொல்வதும் ஒருவகைக் கட்டாயம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மடையன். நான் எழுதிய அத்தனையும் ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்கு ஒரு வரி எழுது. உத்தரவு என்றே வைத்துக்கொள். எழுது, வேணி.

பூவராகவன்