ஊதாக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அக்டோபர் 9

எல்லை மரங்களுக்கு ஊதாப் பெயிண்ட் அடிக்கப் போனேன். பழைய கோடுகள் வெளுத்துவிட்டன. ஊதாக் கோடு என்றால் 'உள்ளே வராதே' என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஓடைக்கரை வால்நட் மரத்தில் ஒரு கேமரா. இலை நிறத்தில் சின்னப் பெட்டி, வார் போட்டுக் கட்டியிருந்தது. அது பார்த்த திசையில் நானும் பார்த்தேன். மாடு நக்குவதற்கு வைத்த உப்புக்கட்டி, அதற்குப் பின்னால் துணி காயும் கொடி, என் சமையலறைக் கதவு. பெட்டியின் முதுகில் வனவிலங்குத் துறை ஸ்டிக்கர்.

வாரை அறுத்து எடுத்து வந்துவிட்டேன். இப்போது மாவு டப்பாவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 10

வெர்னுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"அரசாங்கச் சொத்து, லோர்னா. கொண்டுபோய்க் குடுத்துடு."

"அது இருந்த மரம் யார் சொத்து?"

கட்டிய நாளிலிருந்து என் புருஷனுக்குப் பயம் முதலில், காபி அப்புறம்.

அக்டோபர் 12

வந்துவிட்டான், வனவிலங்குத் துறையின் வேட்டைக் காவலன் மேடக்ஸ். கேட் வழியாக இல்லை, எங்கள் ஓக் மரங்களுக்குள்ளிருந்து, ஏதோ அவன் மாமனார் தோட்டம் மாதிரி.

"கேமராவக் குடுங்க மேடம். இல்லன்னா திருட்டுக் கேஸ்."

"வாரண்ட் எங்க தம்பி?"

"வீட்டுக்குள்ள வரணும்னாதான் வாரண்ட். வயலுக்கும் காட்டுக்கும் எங்களுக்கு வேணாம்."

"வரிச் சீட்டுல மட்டும் காடும் வயலும் சேந்தே வருதே!"

உப்பு வைத்து மானை இழுத்துச் சுடுகிறோமாம், அது குற்றமாம்.

"மாட்டுக்கு வச்சது. மானும் வந்து நக்கினா, நானா வெத்தல பாக்கு வச்சு அழைச்சேன்?" என்றேன். கேமராவைக் கொடுக்கவில்லை.

எத்தன நாளா பாத்துக்கிட்டு இருந்தான்? வெர்னோட பழைய சட்டைய மாட்டிக்கிட்டு, வெறுங்காலோட துணி எடுக்கப் போவேனே — அதையுமா?

அக்டோபர் 13

கேமராவை வக்கீல் ரோடாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேஸ் போடுவதற்குள், கேட்காமல் நிலத்துக்குள் நுழைந்ததற்கு நாங்கள் போடுகிறோம்.

நவம்பர் 30

மான் வேட்டைக்கான பருவம் தொடங்கி இரண்டாம் நாள். பக்கத்துப் பண்ணை ஆரின் ஹோஸ்டெட்டர் கதவைத் தட்டினார். கையில் வழக்கமான ஆப்பிள் ஜாம் பாட்டில். அவர் சுட்ட மான் ஓடி வந்து எங்கள் பக்கம் விழுந்துவிட்டதாம்.

"உள்ள வந்து எடுத்துக்கட்டுமா லோர்னா?"

இருபத்தாறு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். வெர்ன் சிரித்தான். "யோவ் ஆரின், இன்னும் எத்தன வருஷம்யா கேப்ப?"

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன்.

"வரேன். கோட்டு சூட்டு மட்டும் போடச் சொல்லாத."

மார்ச் 18

கோர்ட். ஆரின் கோட்டு போடாமல்தான் வந்தார்.

அரசு வக்கீல் விடவில்லை. "இந்தம்மா உங்கள ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கேக்குறீங்க?"

ஆரின் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது அவங்க எடமாச்சேங்க."

மேடக்ஸ் பின்வரிசையில் இருந்தான். குனிந்துகொண்டான்.

ஜூன் 2

இன்னும் தீர்ப்பு வரவில்லை. கடைக்குப் போன வெர்ன் இரண்டு டப்பா ஊதாப் பெயிண்ட் வாங்கி வந்தான். நான் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 6

ஜெயித்துவிட்டோம்! அனுமதியோ வாரண்டோ இல்லாமல் எங்கள் நிலத்தில் கால் வைக்கக் கூடாதாம். அவர்கள் மேல்கோர்ட்டுக்குப் போகிறார்களாம். போகட்டுமே, எங்களுக்கும் வழி தெரியும்.

நவம்பர் 14

காலையில் கதவு தட்டும் சத்தம். ஆரின் என்று நினைத்துத் திறந்தேன். மேடக்ஸ். வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது.

"ஓடைப் பக்கம் ஒரு தடவ பாத்துட்டு வரலாமா மேடம்?"

"இன்னைக்கு வேணாம்."

சொல்லிவிட்டுக் கதவுப் பிடியை விடாமல் நின்றேன். அவன் காட்டைப் பார்த்தான். மரத்து ஊதாக் கோட்டைப் பார்த்தான். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கேட்டைச் சாத்திக் கொக்கியும் போட்டான்.

"ஏன் வேணாம்ன? அங்கதான் ஒண்ணுமே இல்லையே," என்றான் வெர்ன்.

ஒன்றும் இல்லைதான். நாளைக்கு வந்து கேட்டால் சரி என்பேன்.