ஏழாம் சீட்டு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
28.5.1977

அன்புள்ள சின்னு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. தினம் நான்கு கூட்டம் பேசுகிறவன் தொண்டை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உன் டிரைவர் மாரியிடம் அதிமதுரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீராப்புப் பேசாமல் வாயில் அடக்கிக்கொள்.

மோகனூர்க் கூட்டத்துக்கான பேச்சுச் சீட்டுகள் இத்துடன். வழக்கம்போல ஏழு. பகலெல்லாம் அச்சாபீஸில் புரூஃப் பார்த்துக் கண் எரிந்தாலும், உனக்காகக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். கைதட்டல் விழுந்த சீட்டில் சிவப்பு மையால் குறி போட்டுத் திருப்பி அனுப்பு. எது எடுபட்டது என்று தெரிந்தால்தான் அடுத்ததை நன்றாக எழுத முடியும்.

ஏழாம் சீட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்காதே. ‘ஆணும் ஆணும் மனமொத்து ஒரு வீட்டில் வாழ்வது குற்றம் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் நமக்கு எதற்கு?’ இவ்வளவுதான். ஒரே வரி.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே மாடி அறையில் இரண்டு சம்பங்கி மாலையை மாற்றிக்கொண்டோம். தலைமை தாங்க ஆளில்லை என்று நீயே மாப்பிள்ளையும் தலைவருமாக நின்று வாழ்த்திப் பேசினாய். நான் சிரித்து முடிப்பதற்குள், “எங்கையில மைக் வரட்டும் கந்தா, மொதல்ல நம்மளப் பத்தித்தான் பேசுவேன்” என்றாய். நான் கேட்டு வாங்கிய வாக்கில்லை அது. நீயாகக் கொடுத்தது. இப்போது மைக் வந்துவிட்டது.

வசந்தாமணியையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல். அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

உன் கந்தன்


நாமக்கல்
19.6.1977

என் கந்தனுக்கு,

ஜெயித்துவிட்டேன்! பேப்பரில் பார்த்திருப்பாய். போட்ட மாலையில் கழுத்தெல்லாம் அரிப்பு. ஊரெல்லாம் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. இந்தச் சமயத்தில் நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது.

மோகனூர்ச் சீட்டுகளை மாரி மறுநாளே தபாலில் போட்டிருப்பான். ஆறுக்கும் குறி போட்டிருந்தேன், பார்த்தாயா? மூன்றாவதுக்கு விழுந்த கைதட்டலில் பந்தலே ஆடியது.

ஏழாவதைக் கையில் எடுத்தேன், கந்தா. சத்தியமாக எடுத்தேன். எதிரே பார்த்தால் முன்வரிசையில் மாமனார், பங்காளிகள், வசந்தாமணி மடியில் குழந்தை. ஒரு மடக்கு சோடா குடித்தேன். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுக் கேட்கிற நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் டெபாசிட் போயிருக்கும். தோற்றவன் பேச்சை யார் கேட்பார்கள்? இனி ஐந்து வருடம் இருக்கிறது. கால் ஊன்றிக்கொள்கிறேன், அப்புறம் பார்.

கோபித்துக்கொள்ளாதே. சீட்டு அனுப்புவதை நிறுத்திவிடாதே. நீ எழுதாவிட்டால் எனக்கு நாக்கு புரளாது.

உன் சின்னு


சென்னை
14.8.1983

என் கந்தனுக்கு,

இத்துடன் இருக்கும் பத்திரிகைத் துண்டை உட்கார்ந்து படி. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் எம்.எல்.ஏ. விடுதிக்கு வந்து என்னைப் பேட்டி கண்டாள். பழைய சட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் ஏழாம் சீட்டை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்! அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ‘துணிச்சலான தலைவர்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேனா, இல்லையா? இனியாவது உன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இரு.

உன் சின்னு


செவ்வாய்ப்பேட்டை
20.8.1983

அன்புள்ள சின்னு,

படித்தேன். அச்சாபீஸில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று சொன்னேன். அன்று சாயந்தரம் வரைக்கும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்காக நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் எனக்குப் பாழும் சந்தேகம் வந்தது. நாமக்கல் ஏஜெண்டிடம் அந்தப் பத்திரிகை எத்தனை வருகிறது என்று விசாரித்தேன். மூன்று வருகிறதாம். ஒன்று உனக்கு.

உன் தலைமையில் கல்யாணம் நடக்காத முகூர்த்த நாளே இல்லை. ஒவ்வொரு மேடையிலும், ‘மனமொத்தவர் சேர்வதைத் தடுக்க எவனுக்கும் உரிமையில்லை’ என்கிறாய். அதுவும் நான் எழுதியதுதான். சாதி விட்டுச் சாதி கட்டுகிறவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறாய், அடியும் பட்டிருக்கிறாய். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. நாம் மட்டும் ஏன் உனக்கு இங்கிலீஷிலேயே இருக்கிறோம்? ஆறு வருடமாக ஏழாம் சீட்டு போகிறது, வருகிறது. ஒன்றிலாவது சிவப்பு மை பட்டிருக்கிறதா?

நாமக்கல்லில், தமிழில், மைக்கில் ஒரு தடவை சொல். நான் முன்வரிசைக்கு வரமாட்டேன். எங்காவது மூலையில் நின்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன்.

உன் கந்தன்


செவ்வாய்ப்பேட்டை
30.11.1984

அன்புள்ள சின்னு,

குசலம் விசாரிக்க நேரமில்லை. சுப்பையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

உனக்கு அவனைத் தெரியும். லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். மூன்று தேர்தலாக உன் பெயரைச் சுவரில் எழுதுகிறவன். அவனும் ஒரு சிநேகிதனும் நாலு வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள், நம்மைப் போல. அக்கம்பக்கத்தில் யாரோ ஸ்டேஷனுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். சிநேகிதன் ஓடிவிட்டான். இவன் மாட்டிக்கொண்டான். வெள்ளைக்காரன் சட்டத்தில் கேஸ் போடுவோம் என்கிறார்களாம்.

அவன் அம்மா பாவாயி பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள். “சாமி, உங்க சிநேகிதருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எம்பையன் யாரு ஊட்டையும் கெடுக்கலீங்க” என்று படியில் உட்கார்ந்து அழுகிறாள்.

ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடு. அது போதாது, சின்னு. வெளியே வந்தாலும் ஊர் அவனை விடாது. ‘எம்.எல்.ஏ. பேரெழுதினவன்’ என்று எதிர்க்கட்சிக்காரர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். மேடையில் அவனைக் கைவிடாமல் ஒரு வார்த்தை பேசு. எனக்காகக் கேட்டதையெல்லாம் விட்டுவிடு. இது அவனுக்காக.

உன் கந்தன்


நாமக்கல்
4.12.1984

என் கந்தனுக்கு,

போன் போட்டாயிற்று. கேஸ் இல்லை. சுப்பையன் வீட்டுக்குப் போய்விட்டான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்று இப்போதாவது நம்பு.

மேடை விஷயமும் யோசித்தேன். நீ சொல்வது நியாயம். பதினான்காம் தேதி நாமக்கல்லில் பெரிய கூட்டம். ஏழாம் சீட்டில் அவன் பெயரையே போட்டு எழுது. குழந்தைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இந்தத் தடவை தாண்டிப் போகமாட்டேன்.

கூட்டத்துக்கு வராதே. உன்னைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் சின்னு


செவ்வாய்ப்பேட்டை
18.12.1984

சின்னு,

மாரி வழக்கம்போல மறுநாளே சீட்டுகளைத் தபாலில் போட்டுவிட்டான். அவனைத் திட்டாதே. நாமாகப் பழக்கியதுதானே? நீயும் பழக்கத்தில்தான் குறி போட்டிருப்பாய்.

ஏழாம் சீட்டில் சிவப்பு மை இருந்தது. ஒரு குறி இல்லை, இரண்டு. சொல்லிவிட்டாய் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம்தான் படித்தேன்.

‘சுப்பையன் நம் ஆள். அவன் கை எழுதித்தான் என் பெயர் ஊருக்குத் தெரியும். அவன் மாதிரி ஆட்களுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு’ என்று நான் எழுதியிருந்தேன். நீ அதில் அதிகம் அடித்துத் திருத்தவில்லை. ‘சுப்பையன் நம் ஆள் இல்லை. அவன் கை எழுதிய என் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டேன். அவன் மாதிரி ஆட்களுக்கு இந்த ஊரில் இடம் இல்லை.’ எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்த அதே நடை. வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நீ போன் போட்டது பொய்யில்லை. மெட்ராசில் அந்தப் பெண்ணிடம் சொன்னதும் பொய்யில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தந்த இடத்தில் அந்தந்த மாதிரி நீ நிஜமாகத்தான் இருந்திருக்கிறாய். அப்படிப்பட்டவனை நம்பி எழுதிக்கொண்டிருந்தது என் தப்பு.

கூட்டத்துக்கு மறுநாளே பட்டறையில் சுப்பையனை நிறுத்திவிட்டார்கள். வடக்கே போகிற லாரி ஒன்றில் ஏறிப் போய்விட்டான். ஏறுவதற்கு முன் இங்கே வந்தான். பிரஷ் டப்பாவைக் கையை விட்டு இறக்கவில்லை. காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. “அவரு பேர எத்தன செவுத்துல எழுதியிருப்பனுங்க. எம்பேர அவரு ஒரே ஒருக்காத்தானுங்க சொன்னாரு” என்றான். சீட்டில் அவன் பெயரை எழுதி அனுப்பியவன் நான். அதைச் சொல்லாமலே அவனை லாரி நின்ற இடம் வரை கொண்டுபோய் விட்டேன்.

இனி சீட்டு வராது. நீ இந்தத் தடவையும் ஜெயிப்பாய். உனக்கு இப்போது எழுதத் தெரிந்துவிட்டது.

குறியில்லாமல் திரும்பி வந்த ஏழாம் சீட்டுகளை எல்லாம் இதுவரை வைத்திருந்தேன். உனக்கே அனுப்பலாம் என்று கட்டினேன். வசந்தாமணி கையில் கிடைத்துவிடுமோ என்று பயந்து, அச்சாபீஸ் அடுப்பில் போட்டுவிட்டேன். கடைசியாக வந்ததை மட்டும் போடவில்லை. உன்மேல் எனக்கு மனது இளகும்போது எடுத்துப் படிக்க அது வேண்டும்.

அன்றைக்கு நம் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவன் நீ. அந்தக் கல்யாணத்தை முடித்துவைக்கத் தலைவர் யாரும் தேவையில்லை. அதை நானே முடித்துக்கொள்கிறேன்.

அதிமதுரம் சேலத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். மாரிக்குக் கடை தெரியும்.

கந்தவேல்