முகம் போடாத படம்

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

உன் படத்தைத் தையல் கடையில் பார்த்தேன். எழுத்துத் தெரியாத எனக்குப் பேப்பரில் புரிவது உன் கேலிப்படக் கட்டம் ஒன்றுதானே. ஒரு பெரிய ஆள், வயிறு இருக்கிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி, தொப்புளில் குழாய். கையில் குடத்தோடு, அவன் செருப்பு உயரமே இருக்கிற ஜனங்கள். மண்ணுக்குள் போகிற குழாயில் ஒரு முடிச்சு. யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மாப்பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

“உங்க பையன் என்னைத்தான் போட்டிருக்கான் மாமா, ஊரே சிரிக்குது” என்கிறார். தண்ணீர் லாரித் தொழில் செய்கிறவர், நாலு பேரோடு பழகுகிறவர். அக்காவும் நானும் அவர் வீட்டில் இருக்கிறோம். அதையும் யோசி. அடுத்த வாரம் வேறு ஏதாவது நல்லதாகப் போட்டு இதை ஆற்றிவிடேன். ஒன்று கேட்க வேண்டும்: மற்ற எல்லாம் போட்டாய், மூஞ்சியை ஏன் போடவில்லை?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா

*

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அக்கா படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அவளும் கேட்கட்டும்.

முதலில் காய்ந்த குழாயைத்தான் வரைந்தேன். பிறகு குட வரிசையை. இரண்டையும் கிழித்துப் போட்டேன். வரிசையைத் தினமும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குக் கண் மரத்துவிட்டது, அப்பா. உள்ளதை உள்ளபடி போட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அதனால்தான் ஒருவனை வீடு உயரத்துக்கு ஊதிப் பெரிதாக்கினேன், மற்றவர்களைச் செருப்பளவுக்குக் குறைத்தேன். தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதுவதற்குப் பதில் அதை அவன் வயிற்றிலேயே வைத்தேன். தெருக்குழாய்க்குத் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வுச் சாவியைக் கழுத்தில் பதக்கமாக மாட்டினேன்.

முகம் போட்டால் அது ஒரு ஆளோடு முடிந்துவிடும். அந்த ஆள் போனால் அதே வயிற்றோடு அடுத்தவன் வருவான். அதனால் தலை இருக்கிற இடத்தில் தொட்டி மூடியை வைத்தேன். அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டது அத்தான்தான்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்கள். அத்தான் எங்கள் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்திருக்கிறார். மச்சான் குடும்பப் பகையில் வரைந்தான் என்று. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “நீ வீட்டுச் சண்டையை என் பேப்பர்ல போட்டேன்னு உங்க வீட்டு ஆளே எழுதிக் கொடுத்தா, உனக்கு இங்க நாற்காலி இல்லப்பா” என்றார். அதனால் அத்தான் காகிதத்தோடு உங்களிடம்தான் வருவார். வேறு யாரும் இல்லை.

நீங்கள் அந்த வீட்டில் இருக்கிறீர்கள். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ செய்யுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதினால் பொய். ஆனால் ஆற்றுகிற படம் மட்டும் என்னால் போட முடியாது.

சின்னவன்

*

மார்ச் 19

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ சொன்னபடியே வந்தார். கூடவே ஒரு வக்கீல் குமாஸ்தா. காகிதத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து, மை டப்பியையும் திறந்து கொண்டுவந்திருந்தார்கள். உன் படத்தை என் முன்னால் விரித்தார்கள்.

குமாஸ்தா கேட்டான்: “பெரியவரே, இதுல இருக்கிறது உங்க மாப்பிள்ளைதானே? ஆமான்னு சொல்லி இங்க கட்டைவிரலை வச்சுடுங்க.”

“மூஞ்சியே இல்லையே தம்பி. எதை வச்சு ஆமான்னு சொல்றது?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். ஆனா எதனால தெரியும்னும் எழுதணும்ல? வெறும் ஆமான்னா யார் நம்புவா? பேனாவை எடு.”

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். “மாமா சொல்றதை அப்படியே எழுதிக்கய்யா” என்றார்.

நான் தொடங்கினேன். “முதல்ல வயிறு. ஊர்ல ஓடுற தண்ணி லாரி அத்தனையும் மாப்பிள்ளையோடது. அதனால இந்தத் தொட்டி அவர் வயிறுன்னு அடையாளம் சொல்றேன். எழுதிட்டியா? அடுத்தது கழுத்துச் சாவி. வால்வுச் சாவி இருக்க வேண்டியது தண்ணி ஆபீஸ்ல. ராத்திரி தங்குறது இந்தக் கதவுக்குப் பின்னால இருக்கிற ஆணியில. எட்டிப் பாரு, இப்பவும் தொங்குது.”

குமாஸ்தாவின் பேனா நின்றது. “சார், இதையெல்லாம் எழுதினா…” என்று மாப்பிள்ளையைப் பார்த்தான்.

“வேணாம், நிறுத்து.”

“ஏன் மாப்பிள்ளை நிறுத்தச் சொல்றீங்க? முடிச்சுப் போட்ட குழாய் பாக்கி இருக்கு. பள்ளிக்கூடத்துத் தெருவுல உங்க லாரி வந்த வாரமே குழாய் காஞ்சுது. அப்புறம் ஆஸ்பத்திரித் தெரு. அதுக்கப்புறம் தையக்காரர் சந்து, அவர் மருமக பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு. எனக்கு எழுத்துத்தான் தெரியாது. வரிசையா எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“மாமா, கிண்டலா?”

“அடையாளம் கேட்டீங்க, சொல்றேன். அது நீங்க இல்லேன்னா இந்தக் காகிதம் எதுக்கு? நீங்கதான்னா, நான் சொன்ன மொத்தமும் அதுல ஏறணும். எழுதச் சொல்லுங்க, பத்து விரலையும் வைக்கிறேன்.”

குமாஸ்தா மை டப்பியை மூடினான். சிரிப்பை அடக்க இருமினான், பாவம், அவன் பிழைப்பு அது.

மாப்பிள்ளை எழுந்து, “அப்ப நீங்க வேற இடம் பாத்துக்குங்க” என்றார். வருமென்று எதிர்பார்த்த வார்த்தைதான். சட்டையை எடுக்கப் போனேன். உன் அக்கா அடுப்படியிலிருந்து வந்து என் கையிலிருந்த சட்டையை வாங்கித் திரும்பக் கொடியில் போட்டாள். “இது எனக்கும் வீடுதான். அப்பா எங்கயும் போகலை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது, காகிதத்தை மடித்துக்கொண்டு வெளி அறைக்குப் போய்விட்டார்.

போன கடிதத்தில் ஆற்றிவிடு என்று சொன்னேன். அதை எடுத்துக்கொள்ளாதே. ஆறட்டும் என்று விட்டால் நாளைக்கு அடுத்த தெருவும் காயும். உன் ஆசிரியர் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. பகை கிடையாது. மாப்பிள்ளை இன்றைக்கும் என் மாப்பிள்ளைதான், ராத்திரி சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் நானும் சாப்பிட்டேன். தண்ணீர் மட்டும் ஊருடையது.

இதையும் அக்காதான் எழுதுகிறாள். மாப்பிள்ளை வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறார். “மெதுவாச் சொல்லுங்கப்பா, அவர் காதுல விழும்” என்றாள் தொடங்கும்போது. இரண்டு வரி எழுதியதும் அவளே எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, “ம், சொல்லுங்க, கொஞ்சம் சத்தமாவே” என்றாள்.

உன் அப்பா