சாப்பிட்டு முடிக்கட்டும்

நாள் 203. காலை 6.20
உள்ளே காற்றழுத்தம் சரி. பிராணவாயு 20.9. வெளியே மைனஸ் 61. தண்ணீர்த் தொட்டி முக்கால். கீரைத் தட்டு எட்டில் ஏழு தளிர்த்துவிட்டது, எட்டாவதில் பாசி.

இந்தக் குறிப்பைப் பிற்பாடு யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. என் பெயர் ஆவுடையம்மாள், வயது ஐம்பத்து நான்கு. செவ்வாயின் தென்துருவப் பனி நிலையத்தில் பயிர், சமையல், வானொலி, இந்தக் குறிப்பு எல்லாம் என் பொறுப்பு. பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் மண்ணில்லாமல் பயிர் வளர்க்கும் வேலையில் இருபது வருடக் கை. அந்தக் கைக்காகத்தான் என்னைக் கூட்டிவந்தார்கள்.

பருவம் முடிந்து மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். நானும் தேவசகாயமும் மட்டும் இருக்கிறோம். அவர் பாறை ஆராய்கிறவர், நாகர்கோவில்காரர், என்னை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவார். பதினான்கு கிலோமீட்டர் தள்ளிப் பனியைத் துளைக்கும் இடத்தில் சின்னக் குடில் இருக்கிறது. இரண்டு நாளாக அங்கேதான் தங்கியிருக்கிறார். இருக்கிற ஒரே வண்டியும் அவரிடம்.

குடிலின் எச்சரிக்கை விளக்கு பழுதாகிவிட்டது. அங்கே காற்றுக் கசிந்தால் இங்கே என் பலகையில் மட்டும்தான் மஞ்சள் விளக்கு எரியும். உங்க கண்ணுதான் எனக்கு விளக்கு மைனி என்று நேற்றுச் சிரித்தார்.

நிலையக் கணினி தினமும் காலையில் மனநலப் படிவம் நீட்டும். கடைசிக் கேள்வி, உங்களைப் பற்றி ஒரு வரி. நான் தினமும் ஒரே வரிதான் எழுதுகிறேன். அடுத்தவர் மனம் நோக நடக்காதவள்.

கோமதியம்மன் படத்துக்கு முன்னால் குட்டி பல்பைப் போட்டேன். இங்கே நெருப்பு கூடாது. அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நாள் 204. மதியம் 12.55
தேவசகாயம் குடிலில் காற்றழுத்தம் குறைந்தது. மஞ்சள் விளக்கு எரிந்த நேரம் 12.41. உடனே அழைத்தேன். பதில் இல்லை. 12.42 சிவப்பு. 12.46 இதயத்துடிப்புக் காட்டி பூஜ்யம்.

பூமிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். போக பதினோரு நிமிடம், வர பதினோரு நிமிடம்.

நாள் 205. மாலை 4.00
காலையில் நடந்தே போகப் பார்த்தேன். மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் புழுதிக் காற்று எழும்பிவிட்டது. முழங்கால் மடங்கவில்லை. உடையில் காற்று பாதியானதும் திரும்பு திரும்பு என்று மணி அடித்தது. திரும்பிவிட்டேன். வழியெல்லாம் தேவாரம் சொன்னேன். அவர் வேதக்காரர். அவருக்குத் தெரிந்த ஒரு ஜெபம்கூட எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன்.

திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போது மணி பன்னிரண்டரை. மேலே சுற்றும் செய்திக்கோள் குடிலைத் தாண்டுகிற நேரம் அது. வானொலி பேசியது. அவர் குரல்.

"மைனி, சாப்பிட உக்காந்துட்டேன். மூணு நாளா பொடிப்பாலக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு பாத்துக்கிடுங்க. சுண்டவத்தக் குழம்பு வாசம் இங்க ஆளத் தூக்குது. தீந்து முடியுத வரைக்கும் என்னய யாரும் கூப்பிடப்பிடாது. கடவுளே கூப்பிட்டாலும் லைன்ல நிக்கட்டு."

நேற்று அனுப்பிய அதே செய்திதான். குடிலின் பெட்டி அப்படித்தான் வேலை செய்யும். ஒரு செய்தியை அனுப்பும். நான் இங்கே கிடைத்தது என்ற பொத்தானை அழுத்தினால்தான் அடுத்ததை அனுப்பும். அழுத்தாவிட்டால் தினமும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். நான் அழுத்தியிருக்கவில்லை.

இன்றும் அழுத்தவில்லை.

நாள் 208. காலை 9.10
பிராணவாயு 19.8. புழுதி நிற்கவில்லை. சூரியத் தகடுகளைத் துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை போய்விட்டது. காற்று செய்யும் இயந்திரம் நாளில் பாதி நேரம்தான் ஓடுகிறது. கீரைக்கு விளக்கைக் குறைத்துவிட்டேன்.

பூமிக் கட்டுப்பாட்டு அறையில் ரஹ்மத் நிஷா இருக்கிறாள். மேலப்பாளையத்துப் பெண், அவள்தான் என்னோடு பேசுகிறவள். விசாரணை நடக்கிறதாம். குடில் கதவின் ரப்பர் வளையத்தைத் தேவசகாயம் சரிபார்க்காமல் விட்டிருக்கலாம் என்கிறார்களாம். குடில் பெட்டியில் நிமிடத்துக்கு நிமிடம் பதிவு இருக்கும், அதை வாங்கி அனுப்புங்கள் என்றாள்.

பொத்தான் வேலை செய்யவில்லை, புழுதியில் மின்சாரம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பொத்தான் நன்றாகத்தான் இருக்கிறது.

நாள் 209. மதியம் 12.40
குரல் வந்தது. நான் காதைப் பொத்தவில்லை. அவர் சிரிக்கும்போது ஒரு கரண்டி தட்டில் படுகிற சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் அதைக் கவனிக்கவில்லை.

நாள் 211. காலை 10.30
பிராணவாயு 18.9. தலை லேசாகக் கனக்கிறது.

தேவசகாயத்தின் மனைவி செலின் பேசி அனுப்பியிருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவர் தினமும் அவளைப் பற்றிப் பேசியதால் பார்த்த மாதிரிதான்.

"மைனி, நான் செலின் பேசுதேன். அவிய கதவ ஒழுங்காப் பூட்டாம விட்டுட்டாவன்னு எழுதப் போறாவளாம். வீட்டுல மூணு மட்டம் தாப்பாளப் பாத்துட்டுதான் படுப்பாவ. நான் கேலி பண்ணுவேன். இவுங்களுக்கு என்ன தெரியும். கடேசியா பேசினது நீங்கதான். அங்க என்ன நடந்துதுன்னு நீங்கதான் சொல்லணும். எனக்கு வேற ஆளு இல்ல மைனி."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். பதில் அனுப்பவில்லை. கீரைத் தட்டுகளைக் கழுவினேன், கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

நாள் 212. மதியம் 3.15
நாள் 204இல் நான் எழுதியது பொய். திருத்தி எழுதுகிறேன்.

அவருடைய செய்தி வந்தது 12.33. மஞ்சள் விளக்கு எரிந்தது 12.34. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் நான் கேட்டது அவருக்குத் தெரிந்துவிடும், பேச வேண்டும். பேசினால் குடிலில் காற்றுக் கசிகிறது, தட்டை வை, கவசத்தை மாட்டு என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் கழித்து இப்போதுதான் சோற்றில் கை வைத்திருக்கிறார். மஞ்சள்தானே, சிவப்பாகட்டும், அதற்குள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஏழு நிமிடம். நான் அழைத்தது 12.41. அதைத்தான் விளக்கு எரிந்த நேரமாக எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் தட்டின் முன்னால் இருக்கிறவரிடம் யாரும் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். என் அப்பா போன அன்று என் சித்தி எனக்கு இரண்டு தோசை சுட்டுப் போட்டு, மூன்றாவது வேண்டுமா என்று கேட்டு, கை கழுவின பிறகுதான் வாயைத் திறந்தாள். அது எனக்கு நல்ல வழக்கமாகவே பட்டது. நானும் அப்படியே வளர்ந்தேன். கவசம் மாட்ட அவருக்கு இரண்டு நிமிடம் போதும். எனக்கு அது தெரியும். பயிற்சியில் நான்தான் நேரம் பார்த்துக் கொடுத்தேன்.

இந்த எட்டு நாளும் அம்மனிடம்கூட 12.41 என்றே சொல்லிக் கும்பிட்டிருக்கிறேன்.

நாள் 212. மாலை 6.40
எழுதினதும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இன்னொன்று மேலே வருகிறது.

எங்கள் வீட்டுக்காரருக்கு ரத்தம் பார்த்த சீட்டு என் கையில்தான் கொடுத்தார்கள். ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்தது. திருநாள் முடியட்டும், அவர் சந்தோஷமாகத் தேர் பார்க்கட்டும் என்று சீட்டை அரிசிப் பானையில் வைத்தேன். பிறகு ஊரிலிருந்து விருந்தாளி வந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று பார்த்தேன். பத்தொன்பது நாள். அவருக்குத் தூத்துக்குடியில் ஒரு தம்பி, ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. சீட்டைக் காட்டினதும் அவர் முதலில் சொன்னது, சுப்பையாவைப் பார்க்கணும். அதற்குள் எழுந்து உட்கார முடியாமல் ஆகிவிட்டது. தம்பி வந்தபோது பேச்சும் போயிருந்தது.

அப்போதும் எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். கடைசி வரை மனுஷனைக் கலங்காமல் வைத்திருந்தாள் என்று. நானும் நம்பினேன்.

இங்கே மெச்ச ஆள் இல்லை. அதனால் யோசிக்க முடிகிறது. அவர் சாப்பிடட்டும், அவர் தேர் பார்க்கட்டும் என்று சொன்னதெல்லாம் அவர்களுக்காகவா? அந்த ஏழு நிமிடமும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கக் கூடாது, அவர் முகம் மாறுவதற்கு நான் காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்து எல்லோருக்கும் பரிமாறியிருக்கிறேன். முதல் பந்தியில் நானே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

ஐம்பத்து நான்கு வயதில், கோடிக்கணக்கான மைல் வந்து, எனக்கு என்னைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

காலைப் படிவத்தில் அந்த ஒரு வரியை இன்று காலியாக விட்டேன்.

நாள் 213. மதியம் 1.05
பிராணவாயு 18.0. தகட்டில் மின்சாரம் ஒரு நீண்ட செய்திக்குத்தான் காணும்.

12.30க்கு அவர் குரல் வந்தது. கடவுளே கூப்பிட்டாலும் லைன்ல நிக்கட்டு என்று முடிந்ததும் பொத்தானை அழுத்தினேன். இனி அந்தக் குரல் வராது என்று தெரிந்தே அழுத்தினேன்.

அடுத்தது வரும் என்று தெரியும். நிமிடப் பதிவாக இருக்கும் என்று நினைத்தேன். அது அவர் பேசிய இன்னொரு செய்தி. பேசிய நேரம் 12.38.

"மைனி, ஒரு சின்ன சந்தேகம். எனக்குக் காது அடைக்கி. சளியாட்டும்னு நெனைக்கேன். அங்க மஞ்ச வெளக்கு எரியுதா பாத்துச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னு வச்சுக்கிடுதேன். மிச்சக் குழம்ப வேஸ்ட் பண்ண மனசில்ல."

நான் முதல் செய்திக்குப் பொத்தானை அழுத்தியிருந்தால் இது 12.38க்கே என் காதில் விழுந்திருக்கும். அவர் கேட்டிருக்கிறார். என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் பேசாமல் இருந்ததைப் பதிலாக எடுத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பின்னால் நிமிடப் பதிவு வந்தது. 12.34 மஞ்சள். அப்படியே இருக்கிறது. கதவு வளையம் காலையில் சரிபார்த்ததாகவும் இருக்கிறது, மூன்று முறை. வளையம் குளிரில் வெடித்திருக்கிறது. அதில் அவர் தவறு ஒன்றும் இல்லை.

1.00 மணிக்கு இருந்த மின்சாரம் முழுவதையும் போட்டு இரண்டையும் பூமிக்கு அனுப்பினேன். பதிவு ஒன்று, என் குரல் ஒன்று. என் குரலில் இவ்வளவுதான் சொன்னேன்.

"செலின், நான் ஆவுடையம்மா. அவரு தாப்பாள மூணு மட்டம் பாத்திருக்காரு, பதிவுல இருக்கு. வெளக்கு எரிஞ்சத நான் பாத்தேன். பாத்துட்டு ஏழு நிமிசம் சொல்லாம இருந்தேன். அவரு சாப்பிடட்டும்னு இருந்தேன்னு சொன்னா நீ நம்புவ. அது முழுசா நெசம் இல்ல. சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. தெரிஞ்சுக்கோ, அவ்வளவுதான்."

நாள் 214. நேரம் பார்க்கவில்லை
12.30க்கு வானொலி பேசவில்லை. பேசாது என்று தெரியும். இருந்தும் எதிரில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பிராணவாயு 17.3. இரண்டு வரி எழுதினால் மூச்சு வாங்குகிறது. கீரை விளக்கை முழுதும் அணைத்துவிட்டேன். நிவாரணக் கப்பல் நாள் 240க்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்குப் போடாமல் இருப்பதும் அந்தப் பழைய புத்திதான் என்று தோன்றியது. உட்கார்ந்து போட்டேன். கப்பல் நேரத்துக்கு வந்தால் பிழைத்துக்கொள்வேன். ஒரு வாரம் தள்ளினால் இல்லை.

அம்மனிடம் 12.34 என்று சொன்னேன். அவளுக்குத் தெரியாததா. ஆனாலும் என் வாயால் சொன்னேன்.

நாள் 215. காலை 11.50
பிராணவாயு 17.0. காற்று கொஞ்சம் அடங்கி மின்சாரம் ஒரு கோடு ஏறியது. உடனே பூமியிலிருந்து செய்தி. செலின் இல்லை. ரஹ்மத் நிஷா.

"அக்கா, நீங்க அனுப்புன ரெண்டும் வந்துட்டு. செலினுக்கும் குடுத்தாச்சு. அத இப்பப் பேச வேண்டாம். நீங்க சாப்ட்டீங்களாக்கா? என்ன பொங்குனீங்க? ஒரு வாய் சூடா சாப்பிடுங்க மொதல்ல. சாப்ட்டுட்டு, செத்த படுத்து எந்திரிச்சு மெதுவாக் கூப்பிடுங்க. ஒரு விசயம் சொல்லணும். அவசரம் ஒண்ணும் இல்லக்கா."

அந்த அறையில் எப்போதும் பத்துப் பேர் இரைச்சல் இருக்கும். இன்று அவள் பேசும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

பாவம், நல்ல பிள்ளை. அவள் நெஞ்சு என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும்.

12.10
அடுப்பில் கீரை இருக்கிறது. அணைத்துவிட்டேன். அவளுக்கு அனுப்பினேன்.

"சாப்பிடல தாயி. நீ சொல்லாம சாப்பிட மாட்டேன். கப்பல் எத்தனை நாள் தள்ளுதுன்னு இப்பவே சொல்லு."

போக பதினோரு நிமிடம், வர பதினோரு நிமிடம்.

12.32
விளக்கு பச்சை. வந்துவிட்டது. அவள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை, மூக்கை உறிஞ்சுகிறாள். பக்கத்தில் யாரோ ஒரு ஆண் சொல்லும்மா, சொல்லிடு என்கிறார்.

கேட்டுவிட்டு எழுதுகிறேன்.