378221 தனிக்கட்டை இல்லை

அன்பு மாமு குணசேகரா,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. முந்தாநாள் காட்டுப்பள்ளி துறைமுக லாரி வரிசையில், என் டிரெய்லர் டயருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, மகள் பவித்ராவுக்குப் போன் போட்டு வகுத்தல் கணக்குக் கேட்டேன். ஐம்பத்திரண்டு வயசு எனக்கு. எட்டாம் வகுப்பிலேயே கணக்கில் கோட்டை விட்டவன்.

காரணம் அந்தப் பெட்டி. கண்டெய்னர்கள் கடல் சுற்றித் திரும்பி வரும், தெரிந்ததுதான். ஆனால் நீ கடைசியாக ஏற்றிய பெட்டி என் வண்டியிலேயே வந்து உட்காரும் என்று யார் நினைத்தது? 378221.

நம் விளையாட்டை மறந்திருக்க மாட்டாய். வரிசை நகராதபோது பெட்டியின் ஆறு இலக்க எண்ணை வகுத்துப் பார்ப்போம். இரண்டிலிருந்து பதினாறு வரை. அதற்குமேல் நம் இருவருக்கும் வாய்ப்பாடு கிடையாது. எதிலும் வகுபடாத எண்ணுக்கு நீ வைத்த பெயர் தனிக்கட்டை.

அன்று இதே பெட்டியோடு எண்ணூர் சாலையில் நின்றபோது, கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாய்: "இன்னா போட்டாலும் மிச்சம் வருது மாமு. சுத்தமான தனிக்கட்ட இது."

அரை மணியில் வரிசை நகர்ந்தது. உன் வண்டி நகரவில்லை. நான் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டினேன். ஏறிப் பார்த்தபோது ஸ்டியரிங்மேல் சாய்ந்திருந்தாய். மாரடைப்பு என்றார்கள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் போனாயே, அந்த எண்தான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டதா? அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் வகுக்காமல் இருக்க முடியவில்லை. வகுபடாவிட்டால் அடுத்தது நான்தான் என்று பயம்.

பவித்ரா இப்போது கல்லூரியில் கணக்குதான் படிக்கிறாள். எண்ணையும், நாம் பதினாறு வரை வகுத்ததையும் சொன்னேன்.

"இன்னா நைனா, பதினாறோட கடைய மூடிட்டீங்களா? அதுக்கு மேலயும் போய்ப் பாக்கணும்."

"எது வரிக்கும்மா?"

"அறுநூத்திப் பதினஞ்ச அதாலயே பெருக்கு. உன் நம்பரவிட நாலுதான் ஜாஸ்தி வரும். நாலுன்றது ரெண்ட ரெண்டால பெருக்கினது. அதனால அறுநூத்திப் பதினஞ்சுக்கு இந்தாண்ட ரெண்டு, அந்தாண்ட ரெண்டு தள்ளிப் போ. 613, 617. ரெண்டையும் பெருக்கினா உன் பெட்டி."

"அப்போ தனிக்கட்ட இல்லியா?"

"இல்ல நைனா. ரெண்டு பேரு சேந்து கீறாங்க. அந்த ரெண்டத்தான் யாராலயும் வகுக்க முடியாது."

பெட்டி ஏற்றியபோது கேட்டில் கொடுத்த சீட்டின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன். மூன்று முறை தப்பு. நாலாவது முறை அச்சு அசலாக வந்தது. நாம் ரெண்டு பேரும் எப்பேர்ப்பட்ட மேதைகள், பார்த்தாயா?

பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? கூடித்தான் போயிற்று. எண் மேல் பழியில்லை என்றால், உன்னைக் கொண்டுபோனது எது? அது இப்போது எங்கே நிற்கிறது?

நாளைக்கு வண்டி எடுக்க மாட்டேன். பவித்ராவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். உன்மேல் சத்தியம்.

போனை வைக்கும்முன் கேட்டாள்: "நம்பரப் பாத்தா நைனா பயந்துகினே?" ஆமாம் என்றேன். அந்தப் பெட்டி வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே படியேறினால் நெஞ்சை அடைக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன் பிள்ளைகளுக்கு மாமன்,
ஏழுமலை
காலடிப்பேட்டை